யாரும் போகாத பூங்கா

நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் தெரியும், ஒரு வீட்டில் எத்தனை பொருள் சத்தம் போடும் என்று. கரண்டி சத்தம் போடும், அலமாரிக் கதவு சத்தம் போடும். பாத்ரூம் வாளியின் கைப்பிடி இருக்கிறதே, அதைப் போல ஒரு சதிகாரப் பொருள் உலகத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். ராத்திரி முழுக்க அந்த பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்குள் நின்று வேலை பார்க்கிற மனுஷன், வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். எழுந்தவர் லேசில் மறுபடி தூங்கமாட்டார். தூங்காத ஆளை மறுபடி மெஷின் பக்கம் அனுப்ப எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

அதனால் எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டோ, அவள் காலையில் அவருக்குச் சோறு போட்டு, படுக்க வைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு பூங்காவுக்கு வந்துவிடுவாள். ஆய வேண்டிய கீரை, உரிக்க வேண்டிய பூண்டு, புடைக்க வேண்டிய உளுந்து எல்லாம் கூடவே வரும். பிளாக்கின் கிழக்குக் கோடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இருக்கிறது அந்தப் பூங்கா. பெரிதாக ஒன்றும் இல்லை. சில தூங்குமூஞ்சி மரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், ஒரு பக்கம் மட்டும் இறங்குகிற சீசா. ஆனால் மே மாதத்தில் நெய்வேலியில் அந்த நிழலுக்குக் கோயில் கட்டலாம். யாரும் கூடிப் பேசிப் போட்ட சட்டம் இல்லை இது. நான் கல்யாணமாகி வந்தபோதே எனக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

என் மகள் அபிக்கு அந்தப் பூங்கா இன்னொரு விதத்தில் வேண்டியிருந்தது. அவள் பறை கற்றுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கலைக்குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மற்ற பெண்பிள்ளைகள் கரகத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் ஓட, இவள் நேராகப் போய்ப் பறைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் என் மாமனார் ராயப்பன். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் ஊருக்குப் பறை அடித்தவர் அவர். சாவு விழுந்தால் ஆள் வந்து கூப்பிடும். காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும். கொடுத்ததைக் குனிந்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் அந்த மேளத்தைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்துவிட்டு, ‘எம் பையன் இத தொடமாட்டான்’ என்று சொன்னாராம். பையன் தொடவில்லை. ஐடிஐ படித்து, கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கினார். அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் மகள் பறையோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். “அடிக்கறதுன்னா அடிக்கட்டும். வூட்டுல சத்தம் கேக்கக் கூடாது, என் கண்ணுலயும் படக் கூடாது” என்று மட்டும் சொன்னார். யாராவது கேட்டால், ‘பொண்ணு மியூசிக் கிளாஸ் போவுது’ என்பார். அபி பறையைத் துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் மனசில் இருந்த ரணமும் எனக்குத் தெரியும். அவள் ஆசையும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் பிழைத்துக் கிடந்தது அந்தப் பூங்காவால்தான். கோடி மரத்தடியில் சருகைக் கூட்டிக் கொளுத்தி, பறையை அனலில் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டு அவள் அடிப்பாள். அங்கேயிருந்து அடித்தால் குவார்ட்டர்ஸ் பக்கம் எங்கேயோ யாரோ கதவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். எங்களுக்குப் பக்கத்திலிருந்து கேட்கக் கொடுத்துவைத்திருந்தது. கீரை ஆய்கிற கை தானாக வேகம் பிடிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம் நடந்தது. சங்கம் என்றால் ஆண்கள். கூட்டம் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், டூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ரோடு வருது. பார்க்கு வழியா நேரா மைன்ஸ் ரோட்டுல போய்ச் சேரும். வண்டியில போறவங்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சம்.”

“அப்ப பார்க்கு?”

“அதான் சொல்றேன் இல்ல, பார்க்கு வழியாத்தான் ரோடு. ஆபீஸ்லேர்ந்து பிளாக்குல இருக்கறவங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டிருந்தாங்க. சரின்னு சொல்லிட்டோம்.”

“நீங்களும் கை தூக்கினீங்களா?”

“எல்லாருந்தான் தூக்கினாங்க. அந்தப் பார்க்குக்கு யாரு போறா, சொல்லு? இந்த பிளாக்குக்கு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு நாள் போனதில்ல.”

வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். டூட்டிக்குப் போகிற ஆளோடு சண்டை போடுவதில்லை என்று எனக்கு ஒரு விரதம். “அபி எங்க அடிப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஷூ லேஸை இரண்டு தடவை கட்டினார். “அதோட வுட்டுட்டாலும் நல்லதுதான்” என்றார்.

அபி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. கையில் வைத்திருந்த பறைக் குச்சிகளை, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும், துணிப்பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் பூங்காவில் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சங்கத்துச் செயலாளர் ராமசாமி அண்ணனின் மனைவி கனகம் அக்கா, பலாப்பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தவர், எண்ணெய்க் கையோடு எழுந்துவிட்டார்.

“வாங்கடி, அந்த ஆளையே கேப்போம்.”

போய்க் கேட்டோம். ராமசாமி அண்ணன் நல்லவர். ஆனால் மைக்கைப் பிடித்துப் பழகியதால் வீட்டுக்குள்ளும் மேடையில் பேசுகிற மாதிரியே பேசுவார். “தீர்மானம் போட்டாச்சும்மா. மெம்பருங்கதான் தீர்மானத்த மாத்த முடியும். மெம்பர்னா, குவார்ட்டர்ஸ் யார் பேருல இருக்குதோ அவங்க. நீங்க வேணும்னா உங்க கருத்த அடுத்த மீட்டிங்குல வைக்கலாம்” என்றார்.

“அதுக்குள்ள ரோடே போட்ருவாங்களே, அண்ணே” என்றேன்.

“அது நிர்வாக விஷயம்மா.”

“அப்ப மத்தியானச் சோறும் அடுத்த மீட்டிங்குலதான்” என்று சொல்லிவிட்டு வந்தார் கனகம் அக்கா. சொன்னாரே தவிர, சமைத்துத்தான் போட்டார். எங்கள் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான் அப்போது.

புதன்கிழமை காலையில் நாங்கள் வழக்கம்போல் போனபோது, பூங்காவில் அளவெடுக்கிறவர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மரங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டாயிற்று. “இன்னிக்கி ஒரு நாளு உள்ள வராதீங்கம்மா” என்று மரியாதையாகச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் பிள்ளை குட்டிகளோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

பத்து மணி வெயில், விடுமுறை, உள்ளே அடைத்துவைத்த பிள்ளைகள். பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி திருநெல்வேலிக்காரி. அவளுக்கு இரட்டைக் கைக்குழந்தைகள். ஒன்று அழ ஆரம்பித்தால் மற்றது சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டு அதுவும் ஆரம்பிக்கும். எதிர் வீட்டில் பையன்கள் வராந்தாவில் கிரிக்கெட் தொடங்கினார்கள். என் வீட்டில் நான் எவ்வளவு பதனமாக வைத்தும் அந்த வாளிக் கைப்பிடி விழுந்தது.

கதவு திறந்தது. அவர் தலை கலைந்து, கண் சிவந்து நின்றார்.

“இன்னா சத்தம் இது? ஏன், பார்க்குக்குப் போவலியா நீங்கல்லாம்?”

நான் அவரையே பார்த்தேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, அடக்க முடியவில்லை.

“எந்தப் பார்க்குங்க? யாரும் போவாத பார்க்கா?”

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் செருப்பைக்கூடப் போடாமல் கனகம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வெயிலில் தார் சுட்டதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

“அக்கா, நாம தப்பு பண்ணிகினு இருக்கோம்” என்றேன். “நாம இத்தனை வருஷமா சத்தம் போடாம எழுந்து போயிட்டோம். நாம எதுக்குப் போறோம்னே அவங்களுக்குத் தெரியல. அவங்க தூங்கிகினு இருக்காங்க. தூங்கறவனுக்குப் பார்க்கு எதுக்குன்னு எப்படித் தெரியும்?”

கனகம் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பலாச்சுளையைப் பார்க்கிற ஆசை இருந்தது. “அப்ப போவாம இருந்துட்டா?” என்றார்.

அதுதான் எங்கள் போராட்டம். பூங்காவைக் காப்பாற்றப் பூங்காவுக்குப் போகாமல் இருப்பது. ஊரில் எல்லாரும் காப்பாற்ற வேண்டிய இடத்தில் போய் உட்காருவார்கள், நாங்கள் வீட்டில் உட்காரப் போகிறோம். கேட்ட எல்லாருக்கும் சிரிப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். ராத்திரி டூட்டிக்குப் போக வேண்டிய எந்த ஆளின் தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது. “நம்ம சண்டை அவங்களோட. மெஷினோட இல்ல” என்றேன். சுப்புலட்சுமி உடனே தலையாட்டினாள். “ஆமா எழிலு, நல்லாச் சொன்னிய. அவுக ஒரு ராத்திரி கண்ணசந்தா என்னத்துக்கு ஆவும்?”

அதற்கும் வழி இருந்தது. எங்கள் வீட்டுக்காரர், ராமசாமி அண்ணன், சங்கத்தில் முன்வரிசையில் உட்காருகிற இன்னும் பல பேர் எல்லாருக்கும் ஒரே ஷிப்ட் வரிசை. வெள்ளி ராத்திரி அவர்களுக்குக் கடைசி நைட். சனிக்கிழமை காலை வந்து படுத்தால், அன்றைக்கு ராத்திரி ஆஃப். அன்றைக்குப் பகலில் தூங்காவிட்டால் ராத்திரி தூங்கிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இன்ஜினியர் வந்து கடைசியாக இடத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போவதாக இருந்தது. மற்ற ஷிப்ட் வீட்டுக்காரிகளும் அன்றைக்குத் துணைக்கு வருவதாகச் சொன்னார்கள். ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதிரி ஆளாளுக்கு வேலை பிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். சோறு போட்டேன். படுத்தார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். பிறகு அடுக்களைக்குப் போய் மிக்ஸியில் வெறும் மிளகாயைப் போட்டு ஓடவிட்டேன்.

அப்பப்பா, என்ன சுகம். கல்யாணமான நாளிலிருந்து பகலில் நான் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. வரிசை முழுக்க மிக்ஸிகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. யாரோ டிவியில் சாமி பாட்டு வைத்தார்கள், யாரோ குத்துப் பாட்டு வைத்தார்கள். பிள்ளைகளிடம் ‘இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம்’ என்று சொன்னபோது அவை முதலில் நம்பவில்லை, பிறகு நம்பின. சுப்புலட்சுமி இரட்டையரை வராந்தாவில் விட்டுவிட்டு, “அழுங்கலே, நல்லா அழுங்க” என்றாள். இரண்டும் அன்றைக்குப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. சனியன்கள்!

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆண்கள் வெளியே வந்தார்கள். “பார்க்குக்குப் போனா இன்னா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் தயாராக இருந்தது. “அங்கதான் ரோடு வருதே, இப்பவே பழகிக்கறோம்.” சிலர் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டார்கள். சிலருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் எழுந்து, கட்டிலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்காதவர் ஒரே ஒருவர். செயலாளர். கனகம் அக்கா பாத்திரத்தையெல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டு வியர்வையோடு என்னிடம் வந்தார். “பொணம் மாதிரி தூங்கறாருடி. அவரு எழுந்தாதான தீர்மானத்த மாத்த முடியும்? எழிலு, அபிய மேளத்த எடுத்தாரச் சொல்லேன்.”

எனக்குச் சுருக்கென்றது. கனகம் அக்கா காடாம்புலியூரில் முந்திரிக் காடும் பலாத் தோப்பும் உள்ள வீட்டுப் பெண். அந்த வீட்டுச் சாவுக்கும் என் மாமனாரைப் போல யாரோ ஒருவர் போய் அடித்திருப்பார். அதுவரை இருந்த சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் இறங்கிப் போயிற்று.

“இன்னாக்கா, ஆள வுட்டுக் கூப்ட்டா வந்து அடிக்கறதுக்கு எம் பொண்ணு ஊரு மேளமா?” என்று கத்திவிட்டேன்.

கனகம் அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. “ஐயோ, நான் அப்படி நெனைக்கலடி” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நெனைக்காம வந்துதுதான் தப்பு. வுடு. நானே போய் அவரு காதாண்ட தவலையத் தட்டறேன்” என்றார். போய்த் தவலையையும் தோசைக் கரண்டியையும் கையில் எடுத்தும் விட்டார்.

அபி கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த அதே கட்டில். அவர் காலைத் தாண்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

“நான் அடிக்கறேம்மா” என்றாள். “யாரும் கூப்டல. எனக்கு அடிக்கணும். பார்க்கு எனக்குத்தான வேணும்?”

“அப்பா முழிச்சிகினு இருக்காருடி” என்றேன், குரலைத் தணித்து.

“தெரியும்மா.”

எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு அடித்து, அவர் வந்து வாங்கி வைத்துவிட்டால், பூங்கா இருந்தும் என்ன பயன்? ஆனால் அவள் அதற்குள் படிக்குக் கீழே பழைய பேப்பரைக் கொளுத்தி, பறையை அனலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். தோளில் மாட்டினாள்.

முதல் அடியில் வராந்தாவின் தூசி எழுந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பூங்காவில் கேட்டது வேறு, சுவருக்கு நடுவில் கேட்பது வேறு. சத்தம் காதுக்குள் போகவில்லை, நேராக நெஞ்சுக்குள் போயிற்று. மிக்ஸிகள் நின்றன, டிவிகள் நின்றன. கிரிக்கெட் பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள். இரட்டைக் குழந்தைகள் கையைத் தட்டின. ராமசாமி அண்ணன் ஒரு கையில் தலையணையோடு வெளியே ஓடிவந்து, “இன்னா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார். கனகம் அக்கா, “உன் தீர்மானத்துக்கு ஆயுசு முடிஞ்சிபோச்சுய்யா” என்றார். அந்த வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. என் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றிருந்தார். அபியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபியும் அவரைப் பார்த்துவிட்டாள். அடி ஒரு கணம் தடுமாறியது, பிறகு முன்னைவிட வேகமாயிற்று. அடித்து முடித்தபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போனார். நான் காபி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாங்கிக் குடித்தார். “நாலு மணிக்கு எழுப்பு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, எனக்கு ஒன்றும் புரிபடவில்லை.

நாலு மணிக்குப் பூங்காவில் கூட்டம். ஆண்கள் எல்லாம் வந்திருந்தார்கள், கண்கள் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு. பாதிப் பேருக்கு அந்தக் கேட்டுக்குள் கால் வைப்பதே முதல் தடவை. “நல்லாத்தான்யா இருக்குது, காத்து வருது” என்று புது ஊருக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இன்ஜினியர் வயதானவர், வெயிலில் அலைந்து களைத்திருந்தார். கனகம் அக்கா அவர் கையில் பலாச்சுளைகளைத் திணித்தார். விரலெல்லாம் பிசுபிசுத்து, கொண்டுவந்த வரைபடத்தைத் தொட முடியாமல் அவர் தவித்தார்.

“இந்தப் பார்க்க யாரும் யூஸ் பண்றதில்லன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று ராமசாமி அண்ணனைக் கேட்டார்.

“ஆமாங்க சார். நாங்க யாரும் வந்ததே இல்ல” என்றார் ராமசாமி அண்ணன். “அதனாலதான் சார் இது வேணும்ங்கறோம்.”

இன்ஜினியர் சுளையை மெல்லுவதை நிறுத்தினார்.

“இவங்க எல்லாரும் இங்க இருந்தாத்தான் சார், நாங்க அங்க தூங்க முடியும். இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. சங்கம் சார்பா எங்க ஒப்புதல வாபஸ் வாங்கறோம். அவசரத் தீர்மானம். கை தூக்குங்கப்பா!” எல்லாக் கைகளும் எழுந்தன. பெண்களும் தூக்கினோம். மெம்பர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

இன்ஜினியர் ஜெனரல் ஷிப்ட் ஆள். ராத்திரி தூங்கிப் பகலில் வேலை பார்க்கிறவர், அவருக்கு இது முழுசாகப் பிடிபடவில்லை. “நீங்க வேணாம்னா சரி, பழைய ரோட்டையே அகலப்படுத்தச் சொல்லி எழுதிடலாம். ஆனா காரணம்னு ஒண்ணு எழுதணுமே. தூக்கம்னா எழுத முடியும்? இந்த எடத்துல வேற எதாவது நடக்குதா?”

கீரை ஆய்கிறோம் என்று சொல்வதா? கனகம் அக்கா என்னைப் பார்த்தார். காலையில் பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். சட்டை போட்டு, தலை சீவி, டூட்டிக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

“எம் பொண்ணு இங்கதாங்க சார் அடிச்சிப் பழகுது” என்றார்.

“அடிச்சா? என்ன, டிரம்ஸா?”

“பறைங்க சார்.”

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மாமனாரின் கதையைச் சொல்லும்போதுகூட ‘மேளம்’ என்றுதான் சொல்வார். ராமசாமி அண்ணன், உடன் வேலை பார்க்கிறவர்கள், எங்கள் வரிசை ஆட்கள் அத்தனை பேரும் நிற்க, அவர் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

“பறை. எங்கப்பா ராயப்பன் அடிச்சது. எம் பொண்ணு அவர வுட நல்லா அடிக்குது. அதுக்கு இந்த எடம் வேணுங்க சார்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டேன். இன்ஜினியர் பிசுபிசுத்த விரலைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டு எழுதினார். எழுதிவிட்டு, “கேக்கலாமா?” என்றார்.

அபி எல்லாரையும் பார்த்தாள். அனல் மூட்ட வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகைக் கூட்டத் தொடங்கியிருந்தார். யாரோ தீப்பெட்டி நீட்டினார்கள். பறையை அவளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கினார். அனலுக்கு எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் திருப்பினார். சுண்டினார். காதை வைத்துக் கேட்டார். மகளின் தோளில் அவரே மாட்டிவிட்டார்.

அபி அடித்தாள். பிள்ளைகள் முதலில் இறங்கினார்கள். கனகம் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தான் எப்போதும் ஆடியதில்லை என்று சொல்லிக்கொண்டே ஆடினார். ராமசாமி அண்ணன் சுப்புலட்சுமியின் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு குதித்தார். இன்ஜினியர் பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டார். நான் மட்டும் ஓரமாக, என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ இன்னா நின்னுகினு இருக்கற? எம் பொண்ணு அடிக்கறா, ஆடு” என்றார்.

ஆடினேன்.